வஜீஹாவுக்கு ஒரு பாட்டு நேரம்

வஜீஹாகிட்ட ஒரு நாளைக்கு யார் யார் என்னென்ன கேக்கறாங்கன்னு எழுதி வைக்க ஒரு ஆளைப் போட்டா, அந்த ஆளு மத்தியானத்துக்குள்ள வேலையே வேணாம்னு ஓடிடுவான். தேனாம்பேட்டையில ஒரு ஸ்கேன் சென்டர்ல ரிசப்ஷன் வேலை அவளுக்கு. "மேடம், என் டோக்கன் எப்போ?" "மேடம், தண்ணி குடிச்சுட்டேன், பரவாயில்லையா?" "மேடம், ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லதானே?" அதை டாக்டர்கிட்ட கேக்க பயம், அதனால இவகிட்ட கேப்பாங்க. பாத்ரூம் எந்தப் பக்கம்னு செவுத்துல அம்புக்குறி போட்டு ஒட்டியிருக்கு. அதுக்குக் கீழயே நின்னுக்கிட்டு அவகிட்டத்தான் கேப்பாங்க.

சரி, வீட்டுக்குப் போனா விடிஞ்சிடுமா? கச்சேரி ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல மாடி போர்ஷன். மாமியார் அமீனா பீ இடுப்பு எலும்பு ஒடிஞ்சு கட்டிலோட இருக்காங்க. நல்ல மனுஷிதான், ஆனா மாத்திரையை முழுங்கின கையோட "வஜீஹா, நான் மாத்திரை போட்டேனா?"ன்னு கேப்பாங்க. புருஷன் அப்துல் சமத்துக்கு மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடையில இருக்கற ஆயிரம் நட்டு போல்ட்டும் எந்த டப்பாவுல இருக்குன்னு இருட்டுல கூட சொல்லுவாரு. தன்னோட பனியன் எங்க இருக்குன்னு மட்டும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தெரியாது. மக புஷ்ரா காலேஜ்ல படிக்கறா. அவ "அம்மா"ன்னு கூப்பிட்டாலே பின்னால ஒரு கேள்வி வருதுன்னு அர்த்தம். மூணு பேர்ல ஒருத்தர் கூட கெட்டவங்க இல்ல. கெட்டவங்களா இருந்தா சண்டையாவது போட்டுத் தொலைக்கலாம். பாசமா கேக்கறவங்களை என்ன பண்றது?

உடம்பு அசதின்னா ராத்திரி தூங்கி எழுந்தா போயிடும். வஜீஹாவுக்கு இருந்தது அது இல்ல. ராத்திரி படுத்தாலும் ஒரு காது முழிச்சுக்கிட்டே இருக்கும், மாமியார் கூப்பிடுவாங்களோன்னு. காலையில எழுந்தா, படுக்கும்போது இருந்த களைப்பு அப்படியே பக்கத்துல காத்துக்கிட்டு இருக்கும். நாப்பதைத் தாண்டின பொம்பளைங்களைக் கேட்டுப் பாருங்க, நூத்துக்குத் தொண்ணூறு பேர் "எனக்கும் அப்படித்தாம்மா"ன்னு சொல்லுவாங்க.

இப்படிப்பட்டவ சனிக்கிழமை சாயங்காலம் ஆனா மட்டும், மஃரிப் தொழுதுட்டு, துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிட்டு, ராஜா அண்ணாமலைபுரத்துல ஒரு மொட்டை மாடிக்கு நட்சத்திரம் பார்க்கக் கிளம்பிடுவா.

இந்தப் பழக்கம் ஆரம்பிச்சது புஷ்ரா ஸ்கூல்ல படிக்கும்போது. ஏதோ புராஜெக்ட்டுன்னு சொல்லி அம்மாவை அங்க கூட்டிக்கிட்டுப் போனா. அவளுக்கு ரெண்டே வாரத்துல சலிச்சுப் போச்சு, அம்மா மட்டும் நின்னுட்டா. வீட்டுல யாரும் தடுக்கல. அப்துல் சமத்துக்கு இதுல பெருமை வேற. கடைக்கு வர்றவங்ககிட்ட, "எங்க வீட்டுல டெலஸ்கோப்ல வியாழன் எல்லாம் பாக்கறாங்க, பாய்"னு சொல்லுவாரு. ரம்ஜான் பிறை சமயத்துல தெருக்காரங்க வந்து, "உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க, இன்னிக்குப் பிறை தெரியுமா?"ன்னு கேட்டா மனுஷனுக்குத் தரையில கால் பாவாது.

அந்த மாடி கஸ்தூரிரங்கனோடது. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். டெலஸ்கோப்பும் அவர் கையால செஞ்சதுதான். கண்ணாடியைத் தானே தேய்ச்சு, பெரிய குழாய் ஒண்ணுல பொருத்தி வச்சிருந்தார். கூட்டத்துல நிரந்தரமா வர்றவங்க நாலு பேர்: அவர், அடையாறுல கூரியர் ஆபீஸ் நடத்தற கனகராஜ், பேங்க்ல வேலை பார்க்கற ஸ்வர்ணலதா, அப்புறம் வஜீஹா. மத்தவங்க வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிடுவாங்க.

இவங்களுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. வேற எந்த ஊர்லயும் இருக்கான்னு எனக்குத் தெரியாது. முன்னெல்லாம் ஒருத்தர் குழாய்ல கண்ணை வச்சா எடுக்கவே மாட்டாராம். பின்னால நிக்கறவங்க, "போதும் சார், நீங்க பாத்துப் பாத்தே நிலா தேஞ்சிடப் போவுது"ன்னு கத்துவாங்களாம். ஒரு நாள் கஸ்தூரிரங்கனுக்கும் கனகராஜுக்கும் பேச்சு முத்தி, ஒரு மாசம் ரெண்டு பேரும் முகம் குடுத்துப் பேசிக்கல. கடைசியில ஸ்வர்ணலதாதான் வழி சொன்னாங்க. ஆளுக்கு ஒரு பாட்டு. அவங்கவங்களுக்குப் பிடிச்ச பாட்டைப் போன்ல போடணும். பாட்டு ஓடற வரைக்கும் குழாய் அவங்களுது, முடிஞ்சா நகர்ந்துடணும். மத்தவங்க அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். குழாய்ல கண்ணு வச்சவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

முதல் வாரமே கஸ்தூரிரங்கன் கீர்த்தனை போட்டார். அதுக்கு முன்னால ஆலாபனை. அது ஓடுது, ஓடுது, சந்திரனே தென்னை மரத்துக்குப் பின்னால இறங்கிடுச்சு. "சார், பாட்டு எப்ப ஸ்டார்ட் ஆவும்?"னு கனகராஜ் கேட்டதுக்கு, "ஓய், இதுதான்யா பாட்டு!"ன்னு எரிஞ்சு விழுந்தார். ஆலாபனை கிடையாதுன்னு சட்டத்தைத் திருத்தினாங்க. கனகராஜ் கானா போடுவான். அது ஆரம்பிச்சதும் தெரியாது, முடிஞ்சதும் தெரியாது. "இன்னாடா இது, கண்ணை வைக்கறதுக்குள்ள தீந்து பூடுது"ன்னு தானே புலம்புவான், ஆனா பாட்டை மாத்த மாட்டான். இப்படியே வருஷம் ஓடினதுல, கஸ்தூரிரங்கன் பூஜை ரூம்ல கானா முணுமுணுத்து வீட்டுக்காரம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதும், கனகராஜ் பார்சல் கட்டும்போது கீர்த்தனை பாடறதும் நடந்தது.

வஜீஹாவோட பாட்டு ஒரு பழைய படத்துப் பாட்டு. படம் ஓடல, பாட்டு மட்டும் ரேடியோவுல நின்னுச்சு. நடுவுல ஷெனாய் ஒண்ணு நிதானமா, யாருக்கும் அவசரமில்லாத மாதிரி வாசிச்சுக்கிட்டே போகும். கூட்டத்துல இருக்கற பாட்டுலயே அதுதான் நீளம். "என்ன ரசனை உங்களுக்கு!"ன்னு கஸ்தூரிரங்கன் பாராட்டினார். ஸ்வர்ணலதா அதை மனப்பாடமே பண்ணிட்டாங்க.

ரசனையாவது, மண்ணாவது. "இருக்கறதுலயே நீளமான பாட்டா ஒண்ணு தேடிக் குடுடி"ன்னு அவ புஷ்ராகிட்ட கேட்டு வாங்கினது அது. ஏன்னா வஜீஹா அங்க வியாழனைப் பார்க்கப் போகல. குழாய்ல கண்ணை வைப்பா, பாட்டு ஆரம்பிக்கும், கண்ணை மூடிப்பா. நெத்தி குழாய் மேல சாய்ஞ்சிருக்கும். நின்ன நிலையிலயே தூங்கிடுவா.

முழுத் தூக்கம்னு சொல்ல முடியாது. ஆனா அந்த நேரத்துல அவளை யாரும் கூப்பிட முடியாது. கூப்பிடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. வாரம் பூரா, அவகிட்ட யாரும் எதையும் கேக்காத நேரம் அது ஒண்ணுதான். அந்த ஒரு பாட்டு நேரத்தை வச்சுத்தான் அவ அடுத்த சனிக்கிழமை வரைக்கும் ஓட்டினா. அது போச்சுன்னா என்ன ஆவாளோ, அவளுக்கே தெரியாது.

திருடன் ஒரு நாள் மாட்டித்தானே ஆகணும். இவ மாட்டினது இப்படி. அந்தக் குழாய்ல மோட்டார் கிடையாது. பூமி சுத்தறதால வியாழன் பார்வையை விட்டு நகர்ந்துக்கிட்டே இருக்கும். பல்லவி முடியறதுக்குள்ள ஓரத்துக்குப் போயிடும். பார்க்கறவங்கதான் ஒரு விரலால குழாயை மெல்லத் தள்ளிவிட்டுக்கிட்டே இருக்கணும். அனுபல்லவிக்கு ஒரு தள்ளு, சரணத்துக்கு ஒரு தள்ளுன்னு கூட்டத்துல எல்லாருக்கும் கை பழகிடுச்சு. தூங்கறவ எங்கேயிருந்து தள்ளுவா?

"அக்காவுக்கு அப்பால நான் வந்தா மட்டும் வியாழன் அப்ஸ்காண்டு ஆயிடுது"ன்னு கனகராஜ் அடிக்கடி சொல்லுவான். "கை பட்டுடுச்சுப்பா"ன்னு இவளும் சமாளிச்சுடுவா. தை மாசத்துல ஒரு சனிக்கிழமை, கனகராஜ் வரத் தாமதமாச்சு. வஜீஹாவுக்கு அடுத்தபடி கஸ்தூரிரங்கனே வந்து கண்ணை வச்சார். வியாழனைக் காணோம். பக்கத்துல இருக்கற சின்னக் குழாய்ல தேடினார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு தடவை கூடத் தள்ளலையே நீங்க? குழாய் வச்ச இடத்துலயே இருக்கு. வியாழன் எங்கேயோ போயிடுத்து. இத்தனை நேரமா என்னத்தைப் பார்த்துண்டிருந்தேள்?"

கை பட்டுடுச்சுன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில இருந்தது. ஆனா அன்னிக்கு ஸ்கேன் சென்டர்ல கூட்டம், ராத்திரி பூரா மாமியாருக்கு இருமல். பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் தெம்பு வேணும் பாருங்க.

"தூங்கிட்டு இருந்தேன் சார்"னா வஜீஹா.

"நின்னுண்டேவா?"

"ஆமா சார். வந்த புதுசுல பார்த்தேன். அப்புறமெல்லாம் தூங்கறதுதான்."

அதுக்குள்ள கனகராஜும் மேல வந்து சேர்ந்துட்டான். "அடிசக்கை!"ன்னு வாயில விரலை வச்சான். கஸ்தூரிரங்கன் கோபப்படுவார்னு வஜீஹா காத்திருந்தா. மனுஷன் கோபப்பட்டிருந்தா கூட நல்லா இருந்திருக்கும். அவர் முகம் வாடிப் போச்சு. ஸ்வர்ணலதாதான் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஏன்மா சொல்லல? வீட்டுல யார் யார் இருக்காங்க? ஒத்தாசைக்கு ஆள் இல்லையா? தைராய்டு பார்த்தீங்களா? இரும்புச் சத்து மாத்திரை ஏதாவது..." கேள்வி ஒண்ணு பின்னால ஒண்ணு வந்துக்கிட்டே இருந்தது. வஜீஹா எல்லாத்துக்கும் பதில் சொன்னா. ரிசப்ஷன்ல உக்காந்து சொல்ற அதே குரல்லதான் சொன்னா.

ஸ்வர்ணலதா அதோட விட்டாங்களா? போன வருஷம் எல்லாருமா ஏலகிரி போனப்போ வாங்கி வச்சிருந்த அப்துல் சமத் நம்பர் அவங்ககிட்ட இருந்தது. மறுநாள் போன் போட்டு, "பாய், வஜீஹா ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. இங்க வந்து நின்னுக்கிட்டே தூங்கறாங்க. கொஞ்சம் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டாங்க. நல்லெண்ணத்துல சொன்னதுதான். நல்லெண்ணத்தால நாசமாப் போனது உலகத்துல எவ்வளவோ.

அப்துல் சமத் அன்னிக்குக் கடையைச் சீக்கிரமே பூட்டிட்டு வந்தாரு. டீயைக் கையில வச்சுக்கிட்டு ஆற விட்டாரு.

"ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன், என் வீட்டுல வியாழன் பாக்கறாங்கன்னு. நீ அங்க தூங்கவா போறே, வஜீ?"

"ஆமாங்க"ன்னா அவ.

"தூங்கணும்னா இங்க தூங்கக் கூடாதா? வீட்டை விட்டு ஒருத்தர் வீட்டு மாடியில போய்... ஜனங்க கேட்டா என்ன சொல்லுவாங்க, இவன் வீட்டுல படுக்க இடம் இல்லையான்னு கேக்க மாட்டாங்களா?" மனுஷன் குரல்ல கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே முடிவு பண்ணினாரு. "இனிமே சனிக்கிழமை சாயங்காலம் உள் ரூம் உனக்கு. கதவைச் சாத்திக்க. யாரும் கூப்பிட மாட்டோம். அம்மாவை நானும் புஷ்ராவும் பாத்துக்கறோம். நீ நிம்மதியா தூங்கு."

இதுக்கு மேல ஒரு புருஷன் என்ன செய்வான்? வஜீஹாவும் சரின்னா.

அடுத்த சனிக்கிழமை உள் ரூம்ல விளக்கை அணைச்சுட்டுப் படுத்தா. கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் கிசுகிசுன்னு பேசினாங்க. கொஞ்ச நேரத்துல கதவு அரை அங்குலம் திறந்தது. "தூங்கறியா? தூங்கு, தூங்கு. அம்மாவோட தைலம் எங்கன்னு மட்டும் சொல்லிட்டுத் தூங்கு"ன்னாரு அப்துல் சமத். சொன்னா. அப்புறம் புஷ்ரா பூனை மாதிரி உள்ள வந்து பீரோவைத் திறந்தா. "நீ கண்ணைத் திறக்காத, நானே தேடிக்கறேன்... என் நீல துப்பட்டா எங்கம்மா?" அதையும் சொன்னா. கடைசியில மாமியார் குரல் பக்கத்து ரூம்ல இருந்து தெளிவா கேட்டுச்சு: "வஜீஹா தூங்கிட்டாளான்னு யாராவது அவளைக் கேட்டுப் பாருங்களேன்!"

வஜீஹாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது அழுகை வந்துடுச்சு. தலையணையில முகத்தை வச்சு நல்லா அழுதா. இந்த வீட்டுல அவ முழிச்சிருந்தாலும் எல்லாருக்கும் வேணும், தூங்கினாலும் எல்லாருக்கும் அக்கறை. எழுந்து முகம் கழுவினா. துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தா.

"எங்க போறே?"ன்னாரு அப்துல் சமத்.

"மாடிக்கு."

"பாக்கவா, தூங்கவா?"

"அதைக் கேக்காதீங்க"ன்னா வஜீஹா. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவர் கேட்டு அவ பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை. அவர் வழியை விட்டு நகர்ந்து நின்னாரு. மந்தைவெளி வழியா போற பஸ்ல ஏறி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டே போய் இறங்கினா.

மாடியில அவளைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துட்டாங்க. கனகராஜ் நாற்காலி போட்டான். ஸ்வர்ணலதா பிளாஸ்க்ல சுக்குக் காப்பி கொண்டு வந்திருந்தாங்க. வரிசையில அவளையே முன்னால விட்டாங்க. கஸ்தூரிரங்கன் அவளோட பாட்டைச் சன்னமா வச்சார், தூக்கம் கலையக் கூடாதாம். "நீங்க சாஞ்சுக்கோங்கோ. குழாயை நான் பார்த்துக்கறேன்"னார் ரகசியக் குரல்ல.

வஜீஹா கண்ணை வச்சு மூடினா. ஷெனாய் வந்தது. முதுகுக்குப் பின்னால மூணு பேரும் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கறது அவளுக்கு நல்லாத் தெரிஞ்சுது. இவ தூங்கிட்டாளா, இன்னும் இல்லையான்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க. அந்தப் பார்வைக்கு நடுவுல எங்கேயிருந்து தூக்கம் வரும்? உள் ரூம் கதவுக்குப் பின்னால கேட்ட கிசுகிசுப்பு இங்கேயும் வந்துடுச்சு. இருந்த ஒரே இடமும் போச்சு. பாட்டு பாதியில இருக்கும்போதே நிமிர்ந்துட்டா.

"நிறுத்துங்க சார். எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கவே பிடிக்காது."

ஸ்வர்ணலதா திகைச்சுப் போனாங்க. "ஐயையோ, நான் இதை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேனே!"

"நீளமா இருக்குன்னு எடுத்தேங்க. அவ்வளவுதான்."

"அப்ப உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது? அதைப் போடலாமே"ன்னார் கஸ்தூரிரங்கன்.

வஜீஹா யோசிச்சா. நிஜமாவே யோசிச்சா. வீட்டுல ஓடற பாட்டு புஷ்ராவோடது. ஆட்டோவுல ஓடறது ஆட்டோக்காரரோடது. ஸ்கேன் சென்டர்ல ஓடறதைக் கேக்க ஆளே இல்ல. மாமியாருக்குப் பிடிச்சது தெரியும், புருஷனுக்குப் பிடிச்சது தெரியும், இந்த மாடியில மூணு பேருக்கும் பிடிச்சது அடி அடியா தெரியும்.

"எனக்குன்னு ஒண்ணும் இல்லங்க"ன்னா. "ஒரு பாட்டை முழுசாக் கேட்டு, இது எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்ல எனக்கு எப்போ நேரம் இருந்துச்சு?" சொல்லும்போதே கண்ணு நிறைஞ்சு வழிஞ்சுது. துடைச்சுக்கக் கூட இல்ல.

ஸ்வர்ணலதா ஏதோ கேக்க வாயைத் திறந்தாங்க, என்ன நினைச்சாங்களோ, அப்படியே மூடிட்டாங்க. கனகராஜ்தான் தலையைச் சொறிஞ்சான். "பாட்டே வாணாம்க்கா. சும்மா நில்லு."

"பாட்டு இல்லாமலா? அப்ப அவா டர்ன் எப்போ முடியறதாம்?"னு கஸ்தூரிரங்கன் கேட்டார். கேட்டுட்டு அவரே யோசனையில ஆழ்ந்தார். சட்டம்னா அவருக்கு உயிர். மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், திரும்ப மாட்டினார்.

"பாட்டு முடிஞ்சாத்தான் அடுத்தவா வரலாம். அதானே ரூல்? ஆரம்பிக்கவே இல்லைன்னா முடிஞ்சுடுத்துன்னு எப்படிச் சொல்றது? ஓய் கனகராஜ், வாரும். இவா எழுந்து வர்ற வரைக்கும் நமக்கு இங்க வேலை இல்லை."

மூணு பேரும் மாடியோட அந்தக் கோடிக்குப் போய், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, இவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தாங்க. முதல்ல சும்மா இருந்தாங்க. அப்புறம் அடுத்த வாரத்துலேர்ந்து ஆலாபனையைச் சேர்த்துக்கலாமான்னு கஸ்தூரிரங்கன் மெல்ல ஆரம்பிக்க, கனகராஜ் "அதெல்லாம் நடக்காத காரியம் சார்!"னு கத்த, நிஜச் சண்டையே வந்துடுச்சு. ஸ்வர்ணலதாவும் சேர்ந்துக்கிட்டாங்க. வஜீஹா ஒருத்தி அங்க இருக்கறதே அவங்களுக்கு மறந்து போச்சு.

வஜீஹா போனை அணைச்சுப் பைக்குள்ள போட்டா. குனிஞ்சு, குழாய்ல கண்ணை வச்சா.

அன்னிக்கு அவ பார்த்தாளா, தூங்கினாளான்னுதானே கேக்க வர்றீங்க? கேக்காதீங்க. அவளை இதுவரைக்கும் கேட்டதெல்லாம் போதும்.